இடதுபக்க ஸ்பிரிங்

சிகாமட் டவுனிலிருந்து சாஆ என்ற சிற்றூருக்கு வாடகைக் கார் ஓட்டியவர் அவர். காக்கிச் சட்டை, காதில் செருகிய பீடி. ஆளைக் கண்ணாலேயே எடை போட்டுத்தான் உட்கார வைப்பார். பருமனானவர்கள் வலதுபக்கம். ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியான நான் ஒட்டடைக்குச்சி போல இருந்ததால் எப்போதும் இடதுபக்கம்.

"கோச்சுக்காதீங்க, கிராணி ஐயா. அந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது மலிவு ஸ்பிரிங். உங்களத்தான் தாங்கும்."

அந்த வாரமே அது என்னையும் தாங்கவில்லை. செம்மண் பள்ளத்தில் இறங்கியதும் ஸ்பிரிங் பட்டை படாரென்று முறிந்து, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவரோ பதறாமல் ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்துக் கயிற்றால் கட்டினார். இது மூன்றாவது முறையாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க எலும்பு முறியறதுக்குள்ள நல்லதா ஒண்ணு வாங்கிப் போடக்கூடாதா?"

"முன்னாடி நல்லதுதான் போட்டிருந்தேங்க. வண்டி குலுங்காது. குலுங்காட்டி கால் தானா ஆக்சிலேட்டர அழுத்துது." கயிற்றை இறுக்கினார். "ஒரு தடவ, குறுக்க ஆள் வந்தப்போ நிறுத்த முடியாமப் போச்சு."

நான் குனிந்து கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மலிவு ஸ்பிரிங்கையே மாட்டியது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் மறுவாரம் அவர் காரில் ஏறியபோது, அவர் சொல்வதற்கு முன்பே இடதுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன்.