தழும்பு எந்தக் கன்னத்தில்

ரேடியோ தொலைநோக்கிகள் எடுக்கும் வானத்தின் படங்களில் விடுபட்ட பகுதிகளை இயந்திரக் கற்றலால் நிரப்பும் ஆய்வுப் பணி ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறேன். அதற்குப் புகைப்படம் எடுக்க இன்று ராமநாதபுரத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

எனக்கு முன்னால் திருப்பாலைக்குடியிலிருந்து வந்த ஒரு பெண். கணவர் கடலில் இறந்து பதினைந்து நாளாகிறது. அவருடைய ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது. அதிலும் கண்களுக்குக் கீழே எல்லாம் உப்புத்தண்ணீரில் அழிந்துவிட்டது.

ஸ்டூடியோக்காரர் அதைக் கணினியில் ஏற்றினார். அழிந்த பகுதியை அதுவே நிரப்பி, ஒரு நிமிடத்தில் முழு முகம் வந்தது.

அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தார்.

“ஆளு நல்லாத்தான் இருக்காரு தம்பி. ஆனா இவுக கன்னத்துல தூண்டி முள்ளு கிழிச்ச தழும்பு இருக்கும். அதக் காணோம்.”

“போட்டுரலாம்க்கா. எந்தக் கன்னம்?”

அவர் தன் வலக்கன்னத்தைத் தொட்டார். பிறகு இடக்கன்னத்தை. மறுபடி திரையைப் பார்த்தார்.

“இதப் பாத்ததுக்கப்புறம் எனக்கே பிடிபடல தம்பி.”

தழும்பில்லாமலே பிரிண்ட் வாங்கிக்கொண்டு போனார்.

காலையில் விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன்: ‘இயந்திரம் தவறாக நிரப்பினாலும், நன்கு அறிந்தவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.’

நாளை கடைசி நாள். அந்த வரிக்குப் பதிலாக என்ன எழுதலாம் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.