காடாம்புலியூர் ரோட்டுக்கு இரண்டு ஸ்ட்ரெச்சர்

நெய்வேலியில் நான் டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தபோது டவுன்ஷிப்பில் பாதி வீடுகளுக்கு இன்னும் சுண்ணாம்பு அடித்து முடியவில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் கொஞ்சம் பேர்தான். அதில் எட்டுப் பேர் சேர்ந்து சாயங்காலம் டென்னிகாய்ட் ஆடுவோம். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிந்து பிடிக்கிற ஆட்டம். எங்களுக்குக் கேப்டன், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஒரு அக்கா. நாகர்கோவில்காரர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டத்துக்கு நின்றாரென்றால் வளையம் அவரைத் தாண்டிப் போகாது.

ஆனால் ஜோடியாக நன்றாக ஆடுகிறவர்கள் என்றால், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சரும், டெலிபோன் ஆபரேட்டர் ஒருத்தியும்தான். ஒரே குவார்ட்டர்ஸில் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பண்ருட்டிக்குச் சாமான் வாங்கப் போனார்கள். திரும்பும்போது காடாம்புலியூர் தாண்டியதும் பஸ்ஸின் முன் டயர் வெடித்து, வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. டீச்சர் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே இறந்துபோனாள். மற்றவள் மறுநாள் மத்தியானம் வரை இருந்தாள்.

அவர்களைக் கொண்டுவந்தபோது டியூட்டியில் இருந்தது அக்காதான். என்ன பார்த்தார் என்று எங்களிடம் அவர் சொன்னதில்லை. பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் தானே போய் வலையைக் கட்டிவிட்டு, ஒவ்வொரு வீடாக வந்து எங்களைக் கூப்பிட்டார். அன்று யாருக்கும் கை வரவில்லை. ஆனாலும் இருட்டும்வரை ஆட வைத்தார். பிறகு எல்லோரும் தரையில் உட்கார்ந்து, அந்த இருவர் பேரில் ஒரு போட்டி நடத்தி வெள்ளிக் கோப்பை ஒன்று வைப்பது என்று முடிவு செய்தோம்.

அந்த வாரமே ஒரு நடுத்தர வயதுப் பெண் எங்களைத் தேடி மைதானத்துக்கு வந்தார். காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். விரல் நுனியெல்லாம் கொட்டைப்பால் பட்டுக் கறுத்திருந்தது. பஸ் விழுந்த இடத்தில் கிடந்த டீச்சரின் துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போக விசாரித்து விசாரித்து வந்திருந்தார். பைக்குள் புதுக் கரண்டி ஒன்றும் ஒரு சீப்பும் இருந்தன. அக்கா அவரை உட்காரவைத்து, அன்று என்ன நடந்தது என்று கேட்டார்.

"சாக்குல போட்டுதாம்மா தூக்கினு ஓடினோம். பாதி வழியில சாக்கு கிழிஞ்சிபோச்சி. இந்தப் பை வச்சிருந்த பொண்ணு கீழ வுழுந்துது. ஒழுங்கா தூக்கினு போவ ஒண்ணு இருந்திருந்தா நாங்க வுட்டிருக்க மாட்டோம்மா" என்றார்.

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. குற்றம் செய்தவர் போலக் கைகளை மடியில் மறைத்துக்கொண்டார். அக்கா அந்தக் கைகளைப் பிடித்து வெளியே எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். அவர் போனபிறகு என்னைப் பார்த்து, "கப்பு வேண்டாம். ஸ்ட்ரெச்சர் வாங்குவோம்" என்றார்.

காடாம்புலியூரில் ஒன்று, அதே ரோட்டில் இருக்கிற வடக்குத்து கிராமத்தில் ஒன்று, கூடவே முதலுதவிப் பெட்டி. போட்டிக்கு டிக்கெட் விற்றுப் பணம் சேர்க்க பிளாக் பிளாக்காக அலைந்தோம். பெண்கள் ஆடுவதைக் காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று சிலர் சிரித்தார்கள். ஒரு வீட்டில் கதவையே சாத்தினார்கள். அக்கா அந்தப் படியிலேயே நின்று சேலையைச் சரிசெய்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். முகம் மாறவேயில்லை. ஆண்களின் வாலிபால் கிளப் தங்கள் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தை விட்டுக்கொடுத்ததோடு, விடியும்போதே வந்து சுண்ணாம்புக் கோடும் போட்டுத் தந்தது.

போட்டியன்று காலையில் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். முதல் ஷிப்ட் முடிந்ததும் மைன்ஸிலிருந்து ஆட்கள் மண் படிந்த சட்டையோடு நேரே மைதானத்துக்கு வந்தார்கள். காடாம்புலியூர்க்காரர்கள் ஒரு வண்டி பலாப்பழம் கொண்டுவந்து அங்கேயே ஏலம் விட்டு, வந்ததை எங்களிடமே கொடுத்தார்கள். அக்கா என்னைத் தன் ஜோடியாகச் சேர்த்துக்கொண்டார். எங்களில் மோசமாக ஆடுகிறவள் நான். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அவர் அதற்கும் சிரித்துவிட்டுத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் மொண்டு கொடுத்தார்.

ஸ்ட்ரெச்சர்கள் வந்து சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். சாமானை மட்டும் கொடுத்தால் அது பரண்மேல் ஏறிவிடும், தூக்கத் தெரிந்த கைகள் வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். ஓய்வு கிடைத்த ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்துக்குப் போய்க் கற்றுக்கொடுத்தார். உடைந்த காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவது, ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடிப்பது, நான்கு பேரும் ஒரே நேரத்தில் அடி எடுத்து வைப்பது. முதலில் கற்றுக்கொண்டவர் அந்த முந்திரிக்கொட்டை அம்மாதான். இருப்பதில் எடை குறைவு என்பதால் எப்போதும் நோயாளியாகப் படுப்பது நான்.

அந்த மழைக்காலத்தில் வடக்குத்துக்குப் பக்கத்தில் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளியை லாரி இடித்துப் போட்டது. ஊர்க்காரர்களே கட்டுப் போட்டு, ஸ்ட்ரெச்சரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கால் தப்பியது அந்தக் கட்டினால்தான் என்று டாக்டர் சொன்னாராம். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அக்கா வார்டில் அவிழ்த்துவைத்த மூங்கில் பத்தைகளைக் கையில் வைத்து முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா கட்டியிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறு வருஷம் டீச்சரின் தகப்பனார் மகளின் பெட்டி, பாத்திரங்களை எடுத்துப்போக ஊரிலிருந்து வந்தார். ஒல்லியான மனிதர். மகள் பேரில் வாங்கிய ஸ்ட்ரெச்சரைப் பார்க்க வேண்டும் என்றார். காடாம்புலியூருக்கு அழைத்துப் போனோம். அன்று பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நான் படுத்திருந்தேன். கொஞ்ச நேரம் வேலி ஓரமாக நின்று பார்த்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு அக்காவிடம் வந்தார்.

"நானும் ஒரு தரம் தூக்கிப் பாக்கவாம்மா?"

அக்கா தன் பிடியை அவருக்கு விட்டுக்கொடுத்து, அடி எப்படி வைக்க வேண்டும் என்று காட்டினார். பக்கத்துப் பிடியை அந்த முந்திரிக்கொட்டை அம்மா பிடித்திருந்தார். "மெதுவா வாங்க, நான் சொல்லச் சொல்ல வையுங்க" என்று அவரிடம் சொன்னார். தெருக்கோடி வரை தூக்கிப் போய்த் திரும்பினார்கள். நான் அசையாமல் படுத்திருந்தேன்.