சிகாகோவில் செல்வி பார்க்கச் சொன்ன இடம்

சிகாகோவில் இரண்டு நாள் கிடைத்தால் எதையெல்லாம் பார்க்கலாம்?

நான் எழுதுகிற இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி கேட்டுவைத்தேன். அவ்வளவுதான். அன்று மதியத்திலிருந்து என் போனுக்கு ஓய்வே இல்லை.

விஷயம் இதுதான். என் அக்கா மகளின் கல்யாணம் அமெரிக்காவில், சிகாகோவிலிருந்து சில மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊரில். கல்யாணம் முடிந்து விமானம் ஏறுவதற்குள் நடுவில் ஒரு சனி, ஞாயிறு சும்மா கிடந்தது. ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டினாலே வெளிநாடு வந்துவிட்டது போல மிரளுகிற ஆள் நான். எனக்கு சிகாகோவைப் பற்றி என்ன தெரியும்? அதனால்தான் கேட்டேன்.

வாசகர்கள் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். ஆற்றில் படகு ஏறி, கழுத்து வலிக்கும்வரை கட்டடங்களை அண்ணாந்து பார் என்றார் ஒருவர். நூறு மாடிக்கு மேலே கண்ணாடித் தரை இருக்கிறதாம், அதில் நின்று கீழே பார் என்றார் இன்னொருவர் (எனக்குச் சுகர், பிரஷர் இரண்டும் உண்டு என்பது அவருக்குத் தெரியாது). சாம்பார் வாளி ஆழத்துக்கு ஒரு பீட்சா கிடைக்கும், விட்டுவிடாதே என்று ஒரு பெண்மணி. டெவான் தெருவுக்குப் போனால் சுடச்சுட இட்லி கிடைக்கும் என்று ஒரு புண்ணியவான். ஏன் சார், இட்லி தின்னவா ஒரு நாள் முழுக்கப் பறந்து போகிறேன்?

இத்தனை பேரும் போக, கடைசியாக ஒருத்தி ஒரு இடம் சொன்னாள். ஆரம்பாக்கம் செல்வி.

செல்வியின் கணவர் முனுசாமி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு ஆலையில் ஃபிட்டர். அதே ஆலையில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்துதான் எனக்குத் தலை நரைத்தது. அவர்களுடைய ஒரே மகன் பிரபு. இன்ஜினியரிங் முடித்து, மேலே படிக்க சிகாகோ போய், அங்கேயே வேலையில் உட்கார்ந்துவிட்டான். போய் ஆறு வருஷம். இதுவரை ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. வர ஆசை இல்லாமலா? விசா விவகாரம். இங்கே வந்தால் முத்திரை வாங்கித் திரும்பிப் போக முடியுமோ முடியாதோ என்று அவனுக்குப் பயம். அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், வீடியோ காலில் வந்துவிடுவான். அவனுக்கு அங்கே காலை. ‘நம்ம பகல் ஷிப்ட்ல இருந்தா அவன் நைட் ஷிப்ட்’ என்று முனுசாமி எனக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறார். நானும் இரண்டு மூன்று முறை அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்கிறேன். பிரபு போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பான். ஏரி, பாலம், பனி, தெருவுக்கு மேலே ஓடுகிற ரயில்... ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று. இவர்கள் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

பிரபுவுக்கு என்ன கொடுத்தனுப்பப் போகிறாய் என்று கேட்கத்தான் செல்வியிடம் போனேன். வெளிநாடு போகிறவன் பெட்டியில் பாதி ஊறுகாயும் வடகமும் அடுத்தவர்களுடையது என்பது நம் பக்கத்துச் சட்டம் ஆயிற்றே. செல்வி எதுவும் தரவில்லை. ஒரு வேண்டுகோள்தான் வைத்தாள்.

“ஊரெல்லாம் காட்டறாண்ணா. அவன் ஊட்டை மட்டும் காட்ட மாட்டேன்றான். போன வருசம் புது ஊட்டுக்கு மாறிக்கினேன்னு சொன்னான். சரி, வாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு பார்த்தேன். சொல்லல. நீங்க உள்ள போயி பார்த்துட்டு வாங்க. அது போதும்.”

பெற்ற பிள்ளை வீட்டுக்குப் போக அழைப்பு எதற்கு, நீயே வருகிறேன் என்று சொல்ல வேண்டியதுதானே என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“பக்கத்துத் தெருவுக்குக் குடி போனாக்கூட கூப்ட்டாத்தாண்ணா போவணும். பெத்தவன்னா தானா போயி நிக்கறதா?”

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அது அப்படித்தான். மகன் கல்யாணம் ஆகி நாலு வீடு தள்ளித் தனிக்குடித்தனம் போவான். அம்மா அந்த வாசலைத் தினமும் தாண்டித்தான் ரயிலுக்கு ஓடுவாள். ஆனால் அவன் வந்து கூப்பிடாமல் உள்ளே காலை வைக்க மாட்டாள். கூப்பிட்டுவிட்டால் அன்றைக்கே போய் அவன் சமையலறையைத் தலைகீழாக மாற்றி வைத்துவிட்டு வருவாள், அது வேறு.

எங்களை அங்கே கூப்பிட்டுக்கொள்ள அவனுக்குக் கூச்சமோ என்னமோ என்று செல்வி மெதுவாகச் சொன்னாள். பக்கத்தில் முனுசாமி ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அவர் நிமிரவே இல்லை. அந்த வீட்டில் இதைப் பற்றி நிறையப் பேசி, பேசிப் பேசி ஓய்ந்து போயிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

கூடவே ஒரு கண்டிஷன். இதை நான் பிரபுவிடம் மூச்சு விடக் கூடாது.

“நீங்க சொல்லி அவன் கூப்ட்டா, அது நான் கேட்டு வாங்குனதா ஆயிடும்ணா. அது எனுக்கு வேணாம்.”

என் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள், என் வாயில் ஒரு ரகசியம் எத்தனை நேரம் தங்கும் என்று. என்னிடம் போய் இப்படி ஒரு பொறுப்பு!

சனிக்கிழமை காலை பிரபுவே வந்து என்னை அழைத்துக்கொண்டான். வாசகர்கள் சொன்னதில் முக்கால்வாசி அன்று ஒரே நாளில் முடிந்துவிட்டது. படகில் போனேன். கண்ணாடித் தரையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன் — நின்றதாகத்தானே கணக்கு? பீட்சாவில் கால்வாசி சாப்பிட்டேன், மீதியைப் பொட்டலம் கட்டினோம். அந்த ஏரி இருக்கிறதே... ஏரி என்றதும் நான் எங்கள் பக்கத்துப் பழவேற்காட்டு ஏரியை நினைத்துக்கொண்டு போனேன். போனால், கரையே தெரியவில்லை. அலை வேறு அடிக்கிறது. யாரோ கடலைக் கொண்டுவந்து உப்பை மட்டும் எடுத்துவிட்டார்கள் போல.

அந்த ஏரிக்கரையிலிருந்துதான் அன்றைக்கு ஆரம்பாக்கத்துக்குப் போன் போட்டான். ஊர் சுற்றியதில் நேரம் தள்ளிப்போய் அங்கே ராத்திரி ஆகிவிட்டது, ஆனாலும் தூங்காமல் காத்திருந்தார்கள். இத்தனை நாள் அந்தப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து பார்த்த காட்சியை நான் முதல் தடவையாக இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முனுசாமி தேய்த்த சட்டை போட்டிருந்தார். செல்வி தலைக்குப் பூ வைத்திருந்தாள். பிரபு போனைத் தூக்கிப் பிடித்து, தனக்குப் பின்னாலிருந்த ஏரியைக் காட்டினான். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். முனுசாமி சூப்பரா கீதுடா என்றார். செல்வியின் கண் மட்டும் திரையின் மூலையில் எதையோ தேடியது. மகன் முகம் அந்த மூலையில் சின்னதாகத் தெரிந்துகொண்டிருந்தது.

காற்று காதை அறுத்தது. போனை வைத்துவிட்டு, விரல்களை ஊதிக்கொண்டே பிரபு சொன்னான்: “சனிக்கிழமை ஆனா இன்னாத்தக் காட்டறதுன்னே தெரில அங்கிள். ஊரே தீந்துபோச்சு.”

பனிக்காலத்திலும் இப்படித்தான் வெளியே வந்து நிற்பாயா என்று கேட்டேன். ஆமாம் என்றான். வந்த புதிதில் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்தானாம். அங்கேயிருந்து பேசினால் அழுகை வரும் என்று வெளியே வந்து பேசியிருக்கிறான். அப்போது அவன் நைனா முனுசாமிதான், நாங்க எங்கடா அந்த ஊரைப் பார்க்கப் போறோம், நீயாவது காட்டு என்று சொன்னாராம். அன்றிலிருந்து காட்டிக்கொண்டே இருக்கிறான்.

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டேய், அவர்களுக்கு ஊர் வேண்டாமடா என்று கத்த வேண்டும் போல இருந்தது. பொட்டலத்தைப் பிரித்து ஆறிப்போன பீட்சாவை வாயில் திணித்துக்கொண்டேன். வேறு வழி?

நான் இரவு தங்கிய ஓட்டலிலிருந்து மறுநாள் காலை அவனுடைய வீட்டுக்குப் போனோம். மூன்றாவது மாடி. சுத்தமான வீடு. ஹால், சமையலறை, அவன் படுக்கிற அறை. இன்னொரு கதவு சாத்தியிருந்தது. கேட்காமல் திறப்பது தப்பு என்று எனக்கும் தெரியும். திறந்துவிட்டேன்.

உள்ளே ஒரு கட்டில். முழங்கால் உயரம்கூட இல்லை. மெத்தையில் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. அதன் மேல் இரண்டு கம்பளிகள், இரண்டும் புதிது. இது யாருக்கு என்றேன்.

அம்மாவுக்கும் நைனாவுக்கும் என்றான். அம்மாவுக்குத் தரையில் படுத்துப் பழக்கம், உயரமான கட்டில் என்றால் தூக்கம் வராது. அதனால் தாழ்வாகத் தேடி வாங்கினானாம். இதை அவர்களிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

“இதுல சொல்ல இன்னா கீது அங்கிள்? அவங்க ஊடுதானே? நைனாதான் லீவு கெடைக்காதுன்னு சொல்லிக்கினே இருக்காரு. ரிடையர் ஆனதும் வருவாங்க.”

நான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே அவர்கள் அவன் கூப்பிடவில்லையே என்று மருகுகிறார்கள். இங்கே இவன் கூப்பிட வேண்டும் என்பதே தெரியாமல் கட்டில் வாங்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

காபி கொடுத்தான். மன்னிக்க வேண்டும், அதைக் காபி என்று சொல்ல மாட்டேன். மைக்ரோவேவில் பாலைச் சூடாக்கி, அதில் பொடியைக் கலக்கியிருந்தான். பக்கத்திலேயே நாலு வட்டத் தட்டுடன் கரண்டு அடுப்பு இருக்கிறது. அதன் மேல் ஒரு கறைகூட இல்லை. சோறு கரண்டு குக்கரிலாம்.

செல்விக்கு வீட்டைக் காட்டுவதற்கு எனக்கு யார் தடை போட்டார்கள்? அவனிடம் பேசக் கூடாது என்றுதானே சத்தியம். நான் என்னுடைய போனை எடுத்தேன். செல்வியை வீடியோவில் கூப்பிட்டேன். உன் மகன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, போனை அப்படியே சமையலறைப் பக்கம் திருப்பினேன்.

 செல்வியின் முகம் திரைக்குப் பக்கத்தில் வந்தது. அலமாரி, சிங்க், தட்டு கவிழ்த்த கூடை, எல்லாவற்றையும் பார்த்தாள். அடுப்புக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

“இன்னாடா, அடுப்பு புச்சா கீது? குடி வந்தப்போ பால் காச்சலியா?”

புது வீட்டுக்குள் போனதும் அடுப்பில் முதலில் பால்தான் பொங்க வேண்டும். வாடகை வீடானாலும் அதை விடுகிறவர் நம்மில் யார்? பிரபு என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

“நீ இல்லாம எப்டிம்மா காச்சறது? நீ வந்து காச்சுவேன்னுதான் அடுப்பைத் தொடாம உட்டு வச்சிக்கினு கீறேன்.”

   செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் திரும்பி முனுசாமியிடம் சொன்னாள், “கேட்டியா? கூப்புடறான்.”

முனுசாமி போனை வாங்கினார். அவர் பிடித்த பிடியில் எனக்கு அவர்கள் வீட்டு ஃபேன்தான் தெரிந்தது. ஊட்டை இன்னொருவாட்டி காட்டுடா என்ற குரல் மட்டும் கேட்டது. பிரபு போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, அந்தச் சாத்தியிருந்த அறைக்குள் போனான். நான் அந்தக் காபியை முழுசாகக் குடித்து முடித்தேன். அழுதுகொண்டே குடித்தால் எதுவும் குடித்துவிடலாம் போலிருக்கிறது.

இப்போது செல்வி, முனுசாமி இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசா நேர்காணலுக்குச் சீக்கிரத்தில் தேதிதான் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒன்று, அதுவும் அடுத்த வருஷக் கடைசியில். அதற்குள் அங்கே என்ன சட்டம் மாறுமோ, யாருக்குத் தெரியும்? பிரபு இப்போது சனிக்கிழமைகளில் வெளியே போவதில்லை. போனை ஜன்னல் ஓரம் நிறுத்திவிட்டுத் துணி மடிக்கிறான், வெங்காயம் நறுக்குகிறான். இவர்கள் மணிக்கணக்கில் அதைப் பார்க்கிறார்கள்.

போன வாரம் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் செல்வியைப் பார்த்தேன். ரயில் வரும்வரை ஒரே ஒரு விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டாள். அந்த அடுப்பில் நெருப்பு வர இடமே தெரியவில்லையே, கரண்டு அடுப்புதானே... அதில் பால் நம் ஊர் மாதிரி பொங்கி வழியுமா, இல்லை சும்மா கொதித்து அடங்கிவிடுமா?

பொங்கும் செல்வி என்று சொல்லியிருக்கிறேன். எனக்கென்ன தெரியும்... அந்த அடுப்பைத்தான் இன்னும் யாருமே பற்ற வைக்கவில்லையே!