‘பக்கத்துலதான்’ என்று சொன்ன நாள்

“…எத்தனையோ பேரு இந்த மேசைக்குப் பின்னாடி நின்னுருக்காக. தங்க வந்தவுகளைக் காட்டுக்குள்ள அனுப்பிவிட்ட மொத ஆளு நீதாம்மா” என்று விடுதி மேலாளர் சொல்லிக்கொண்டிருந்தபோது வரவேற்பு மேசையின் தொலைபேசி அடித்தது. அவர் கையில் புகார்ப் புத்தகம் விரிந்தபடி இருந்தது. என் செருப்பிலும் பாவாடை விளிம்பிலும் சேறு. காலையிலிருந்து அந்தத் தொலைபேசியை நான் தொடவே இல்லை. தொடக்கூடாது என்பதுதான் அவர் எனக்குப் போட்டிருந்த ஒரே நிபந்தனை. அது அடிக்கிற ஒவ்வொரு முறையும் என் கை மேசைக்கடியில் தானாக மடங்கிக்கொள்ளும். அப்போதும் மடங்கியது.

அந்த மேசைக்குப் பின்னால் நான் எப்படிப் போய் நின்றேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஊர் மலைமேல் கூக்கால். பூண்டும் உருளையும் போடுகிற குடும்பம். தபாலில் ஒரு பட்டம் படித்து முடித்துவிட்டு, டவுனில் நாயுடுபுரத்தில் இருந்த சித்தி வீட்டில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தேன். சாக்லேட் கடை, மருந்துக் கடை, டிராவல்ஸ், ஒரு பள்ளிக்கூட அலுவலகம் என்று ஏறி இறங்காத படியில்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: “முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?” எங்கேயும் இல்லை என்றதும் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், அந்தச் சிரிப்போடு என் விண்ணப்பக் காகிதம் திரும்பி வரும். ஆறாவது இடத்திலிருந்து திரும்பி வந்த அன்று, அடுப்படியில் இருந்தபடியே சித்தி சொன்னாள்: “அனுபவம் இல்லைன்னு சொல்றதுலயே ஒனக்கு நல்ல அனுபவம் வந்துருச்சுடி. அதை எழுதிக் குடு.” சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

அப்பா கெடு வைத்திருந்தார். “பூண்டு எடுக்கிறதுக்குள்ள வேலை கெடச்சாச் சரி. இல்லையா, வெரசா வந்துரு. இங்க சோலி தலைக்கு மேல கெடக்கு” என்று போனில் சொல்லியிருந்தார். அதில் கோபம் எதுவும் இல்லை. ஆனால் அக்காவும் இப்படித்தான் ஒரு அறுவடைக்கு உதவியாக வந்துவிட்டுப் போகிறேன் என்று ஊருக்குப் போனவள். பிறகு டவுன் பக்கம் திரும்பவே இல்லை. திங்கட்கிழமை பூண்டு எடுக்க ஆள் சொல்லியாயிற்று. அதற்கு முந்தின சனிக்கிழமைதான் இந்த விடுதியில் கூப்பிட்டார்கள்.

மேலாளருக்குச் சொந்த ஊர் கன்னிவாடி. அடிவாரத்துக்காரர்களுக்கு எங்கள் குளிர் எத்தனை வருஷமானாலும் பழகாது. மே மாத வெயிலிலும் ஸ்வெட்டருக்கு மேல் ஜெர்கின் போட்டு, காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் காகிதத்தைப் பார்த்தார். ‘முன் அனுபவம்’ என்ற இடம் வெறுமையாக இருந்தது. மற்றவர்களைப் போல அவர் சிரிக்கவில்லை. “இங்க வர்றவுகள்ல பாதிப் பேரு தூங்க வர்றாக, பாதிப் பேரு கொறை சொல்ல வர்றாக. ரெண்டு பேருக்கும் சுடுதண்ணி வேணும். அவ்வளவுதான் தொழிலு” என்றார். “ஒரு நாள் நின்னு பாரு. போனை மட்டும் தொட்டுராத. நேர்ல தப்பாச் சொன்னா ஓடிப்போய்ச் சரிபண்ணலாம், போன்ல சொன்னா முடியாது.”

காலை முழுக்க நன்றாகத்தான் போயிற்று. சாவி எடுத்துக் கொடுத்தேன், வாங்கி மாட்டினேன், சுடுதண்ணி எத்தனை மணி வரைக்கும் என்று ஒன்பது பேருக்குச் சொன்னேன். பத்தரை மணிவாக்கில் நாலாம் அறைக்காரர்கள் இறங்கி வந்தார்கள். சென்னைக் குடும்பம், கணவன், மனைவி, சின்னப் பெண் குழந்தை, கணவனின் அம்மா. விடுதிக்குப் பின்னால் பைன் காட்டைத் தாண்டி ஒரு பாறை இருக்கிறது, அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். அது எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். முதன்முதலாக என்னிடம் சுடுதண்ணியைத் தவிர வேறொன்றைக் கேட்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தில் கையை நீட்டி, “இந்தா, இப்படியே ஏறி எறங்கினா பக்கத்துலதாங்க” என்றேன்.

எங்கள் ஊரில் விதைப்பூண்டு வாங்க அடுத்த ஊருக்கு ஒன்றரை மணி நேரம் நடப்போம். அதற்குப் பேர் பக்கம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினால் கொஞ்சத் தூரம். பஸ் ஏறினால்தான் தூரம் என்ற சொல்லே வாயில் வரும். இது பொய்யில்லை, பெருமையும் இல்லை. இருக்கிற பஸ்ஸை வைத்து நாங்கள் பழகிக்கொண்ட கணக்கு. அந்தக் கணக்கு அந்த மேசையில் செல்லாது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

ஒரு மணிக்கு நாலாம் அறைக்காரர்கள் சொல்லி வைத்த சாப்பாடு தயாராகிவிட்டது. இரண்டு மணிக்கு ஆறிப்போனது. இரண்டரைக்கு மேகம் இறங்கியது. எதிர் வீட்டுக் கூரை மறைந்தது, அப்புறம் கேட், அப்புறம் கேட்டருகே இருந்த காவலாளி அண்ணன். மேலாளர் அந்தக் குடும்பத்தின் செல்போனுக்கு அடித்துப் பார்த்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள் என்றது. காவலாளியை உள்ளே கூப்பிட்டார்.

“எந்த வண்டியில போனாக?”

“வண்டி இல்லீங்க. நடந்துதான் போனாக.”

“நடந்தா? அந்தப் பாட்டியம்மா மாடிப்படி எறங்கவே கைத்தாங்கலா எறங்குச்சே! நீ வாசல்ல நிக்கிறியா, இல்ல போட்டோவுல நிக்கிறியா? எங்க போறீகன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?”

காலையில் நான் கை நீட்டிச் சொன்னபோது காவலாளி அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். எல்லாம் அவருக்குத் தெரியும். என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார், அவ்வளவுதான். வாயைத் திறக்காமல் இருந்தால் அந்த ஒரு நாளை நான் கடந்துவிடலாம். திங்கட்கிழமை, பூண்டுக்காடு, அக்கா, எல்லாம் ஒரு நொடியில் நினைவுக்கு வந்தது. கூடவே, சித்தியோடு ஒருதரம் போயிருந்த அந்தப் பாறை வழியும் நினைவுக்கு வந்தது. பைன் காட்டுக்குள் பாதை இரண்டாகப் பிரியும். தெரியாதவர்கள் அகலமாக இருக்கிற பாதையைப் பிடிப்பார்கள். அது பாறைக்குப் போகாது. கீழே கீழே இறங்கி ஓடையில் போய் நிற்கும்.

“நாந்தான் சார் சொன்னேன்” என்றேன். “அந்தப் பாறை பக்கத்துலதான்னு.”

“பக்கத்துலன்னா எம்புட்டுப் பக்கம்?”

“வெறுங்கையாவா, சொமையோடவா சார்?” என்று கேட்டுவிட்டேன். எங்கள் ஊரில் தூரத்தைக் கேட்டால் அப்படித்தான் திருப்பிக் கேட்போம். கேட்ட பிறகுதான் உறைத்தது, அவர்களிடம் ஒரு சுமை இருந்ததும், அது அந்த அம்மாவின் முழங்கால் என்பதும்.

மேலாளர் டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார். நானும் பின்னால் ஓடினேன். வர வேண்டாம் என்று அவர் தடுக்கவில்லை.

காட்டுக்குள் ஐந்தடிக்கு மேல் தெரியவில்லை. பைன் இலை நனைந்து காலை வாரியது. மேலாளருக்குச் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. வாயருகே கையைக் குவித்து, “எக்ஸ்கியூஸ் மீ! சார்! ரூம் நம்பர் நாலு!” என்று மேகத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். மேகத்துக்குள் சார் யார், நாலாம் நம்பர் எது? வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

பூண்டுக்காட்டில் மேகம் இறங்கிவிட்டால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் நகரக்கூடாது. ஒருத்தர் “ஓவ்” என்று நீட்டிக் குரல் கொடுப்பார், மற்றவர்கள் இருந்த இடத்திலிருந்தே பதில் கொடுப்பார்கள். எத்தனை பதில் வருகிறதோ அத்தனை பேர் பத்திரம். பாதை பிரிகிற இடத்தில் நின்று அந்தக் குரலைக் கொடுத்தேன். விடுதிக்கு வேலை கேட்டு வந்த பெண் காட்டில் நின்று இப்படிக் கத்தினால் என்ன நினைப்பாரோ என்று கூச்சமாக இருந்தது. ஒன்றும் வரவில்லை. பத்தடி இறங்கி மறுபடி கொடுத்தேன். மூன்றாவது முறை கீழேயிருந்து மெல்லியதாக ஒரு “ஓவ்” வந்தது. குழந்தை. விளையாட்டென்று நினைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. “நில்லு, அப்படியே நில்லு! கத்திக்கிட்டே இரு!” என்றேன்.

ஓடைக்குக் கொஞ்சம் மேலே, விழுந்து கிடந்த ஒரு மரத்தில் அந்த அம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். கால் வீங்கியிருந்தது. மகன் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் தலை குனிகிறது. மேலாளர் தன் ஜெர்கினைக் கழற்றி அந்த அம்மாவுக்குப் போர்த்தினார். அவர் ஜெர்கினைக் கழற்றி நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான். ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கிக்கொண்டு ஏறினோம். பாதி வழியில் அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: “இன்னும் எவ்வளவு தூரம்மா?” வாய் தானாகத் திறந்தது. பட்டென்று மூடிக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். “சொல்லேன், பக்கத்துலதான்னு” என்றார். மேலாளருக்கு இருமல் வந்தது. அது இருமல்தானா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

விடுதிக்குத் திரும்பியதும் மகன் புகார்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை.

இப்போது அந்த மேசைக்குப் பின்னால் என் நாற்காலி இருக்கிறது. வருகிறவர்கள் வழி கேட்பதில்லை, செல்போனைப் பார்த்தே போகிறார்கள். மேகம் இறங்குவது அதில் தெரியாது என்பதால் நானாகத்தான் கூப்பிட்டுச் சொல்கிறேன். வேலை கேட்டு வருகிற பிள்ளைகளின் காகிதத்தில் ‘முன் அனுபவம்’ என்ற இடம் வெறுமையாக இருந்தால், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த வெறுமையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சனிக்கிழமைச் சாயங்காலத்தில்தான் போய் நிற்கிறேன். புகார்ப் புத்தகம் விரிந்து கிடக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கேட் மறுபடி தெரியத் தொடங்கியிருக்கிறது. நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். காட்டுக்குள் அனுப்பிவிட்ட முதல் ஆள் நீதான் என்று மேலாளர் சொல்கிறார், தொலைபேசி அடிக்கிறது. என் கை மடங்குகிறது. அவர் புத்தகத்தை மூடினார். மூன்றாவது தடவை மணி அடித்ததும் ரிசீவரை எடுத்தார். எடுத்ததைத் தன் காதில் வைக்காமல், மேசைக்கு மேலாக என் பக்கம் நீட்டினார்.