நெடுந்தீவுக் குதிரையும் என் நீண்ட லென்ஸும்

நெடுந்தீவுக் காட்டுக்குதிரைகள் ஆளைக் கண்டால் ஓடிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் மாதக்கணக்கில் மண்டையைப் போட்டு உடைத்து, வேகமாகப் போக்கஸ் பிடிக்கும் கமரா ஒன்றும் அறுநூறு மில்லிமீற்றர் லென்ஸும் வாங்கினேன். என்னிடமிருந்த சின்ன லென்ஸைக் கொடுத்துத்தான் இதை மாற்றினேன்.

போன நேரம் கடும் வறட்சி. ஒரு அக்கா தன் வீட்டு வாசல் படலையடியில் தொட்டி வைத்து, குதிரைகளுக்குக் கிணற்றுத் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் எட்ட நின்று லென்ஸைத் தூக்கினேன். ஒரு குட்டி நேரே என்னிடம் வந்தது. கிட்ட வர வரப் படம் கலங்கியது. பின்னால் நகர்ந்தேன், அதுவும் கூடவே வந்தது.

"இவ்வளவு கிட்ட நிண்டால் இந்த லென்ஸால எடுக்க ஏலாது அக்கா" என்றேன்.

அதற்குள் குட்டி, வெயில் படாமல் லென்ஸின் முனையில் மாட்டியிருந்த அகலமான கறுப்பு வளையத்துக்குள் மூக்கை விட்டு, கண்ணாடியை நக்கியது.

அக்கா சிரித்தார். "தம்பி, உந்தச் சாமானை அது வாளியெண்டு நினைச்சிட்டுது. வைச்சிட்டு வந்து தண்ணி அள்ளும்."

பின்னேரப் படகுக்கு நேரமாகும்வரை அள்ளினேன். ஒரு படமும் எடுக்கவில்லை.

குதிரை எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று மாதக்கணக்கில் யோசித்தவன் நான். அதற்குத் தாகம் எடுக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.