மிச்ச மருந்து

போன செவ்வாய்க்கிழமை காலையில் தம்பி போன் செய்தான். முனிரத்தினம் சும்மா போன் செய்கிற ஆள் இல்லை. கல்யாணம், கருமாதி, மோட்டார் ரிப்பேர் — இந்த மூன்றுக்குத்தான் அவனுக்கு அக்கா ஞாபகம் வரும்.

"அக்கா, பவானிக்கு ஜொரம். கெடகெடன்னு ஆடுது. ரெண்டு கம்பளி போத்தியும் அடங்கல. நீ வர்றியா?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பவானி அவனுடைய ஒரே மகள். ஏழு மாசக் கர்ப்பிணி. தலைப்பிரசவத்துக்காக பாலசமுத்திரத்தில் இருக்கும் அப்பா வீட்டுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

திருப்பதியில் பஸ் ஏறி, புத்தூரில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்காக நின்று... எனக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம் என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். எழுதும்போது அது உதவும். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது அதுவே ஒரு வியாதி. டெங்குவா? டைபாய்டா? வயிற்றில் இருக்கிற குழந்தை அசைகிறதா? பக்கத்து சீட் அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

நான் போய்ச் சேர்வதற்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். மலேரியா.

இந்தக் காலத்திலுமா மலேரியா? நானும் அப்படித்தான் கேட்டேன். அங்கிருந்த டாக்டரம்மா வயதில் சின்னவர், பொறுமைசாலி. "மாத்திரை கொடுத்திருக்கேன். காய்ச்சல் இறங்கிடும். ஆனா இந்த வகை மலேரியா ஈரல்ல போய் ஒளிஞ்சுக்கும். அங்கேயே வச்சு அதைக் கொல்ற மாத்திரையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. பிரசவத்துக்கு அப்புறம்தான் யோசிக்க முடியும்" என்றார்.

"அதுவரைக்கும்?"

"காய்ச்சல் திரும்பி வரலாம். வராமலும் போகலாம். வந்தா குழந்தைக்கு நல்லதில்லை, உடனே கூட்டிட்டு வந்துடுங்க. புதுசா ஒரு கொசுகூட கடிக்காம பார்த்துக்கோங்க."

ஒரு கொசுகூட! சொல்வது சுலபம். கொசுவிடம் யார் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் தம்பி குதித்தான். "எங்க வூட்ல கொசுவா? சான்சே இல்லக்கா. எங்கியோ வெளிய கடிச்சிருக்கும். நான் இன்னா சும்மாவா கீறேன்? தெனம் மருந்து அடிச்சிக்கினு கீறேன்!"

என்ன மருந்து என்று கேட்டேன். காட்டினான். கத்தரிக்காய்ச் செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து.

விஷயம் இதுதான். தோட்டத்தில் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு மருந்து அடிப்பார்கள். அடித்து முடித்ததும் டேங்கின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். அதைக் கீழே கொட்ட மனசு வருமா? ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுக்கொட்டகைச் சுவர், பாத்ரூம், ஜன்னல் ஓரம், கட்டிலுக்கு அடி என்று எல்லா இடத்திலும் அடித்துவிடுவார்கள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். பொண்ணு வந்ததிலிருந்து தம்பி இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறான். தோட்டத்தில் மருந்து அடிக்காத நாளிலும் மிச்சம் பிடித்து வைத்து அடித்திருக்கிறான்.

கோபம் வந்தால் என் டவுன் தமிழ் பறந்துவிடும்.

"டேய்! புள்ளத்தாச்சி கீற வூட்ல பயிரு மருந்த அடிப்பியா? உனக்கு இன்னா புத்தி கித்தி பூட்ச்சா?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "புள்ளத்தாச்சி கீறதாலதான்க்கா அடிச்சேன்."

அதற்கு மேல் நான் என்ன திட்டுவது? அன்று சாயங்காலமே தண்ணீரும் சோப்புமாக அறைச்சுவர்களைத் துடைக்க வைத்தேன். பவானியைக் காற்றாட வெளியே உட்கார வைத்தோம். முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனாலும் வாய் குறையவில்லை. "அத்த, நைனாவ திட்டாத. அது ஏற்கெனவே சோறு துன்னாம கீது" என்றாள்.

மறுநாள் காலை, ஒருவருக்கு மலேரியா என்று தெரிந்ததால், மலேரியா ஆபீசர் ஒருவர் வீடு வீடாகப் பார்க்க வந்தார். தெலுங்குக்காரர். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். நேராக மாட்டுக்கொட்டகைக்குள் போனார். டார்ச் அடித்துச் சுவரைப் பார்த்தார். பிறகு ஒரு கண்ணாடிக் குழாயைச் சுவரோரம் வைத்து, அதன் ரப்பர் முனையை வாயில் வைத்து உறிஞ்ச ஆரம்பித்தார். குழாய்க்குள் கொசுக்கள் சேர்ந்தன. கவலையெல்லாம் மறந்து தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்ய, கொசுவ உறிஞ்சிக்கினு கீறாருக்கா!"

சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. அத்தனை கொசுவும் அவன் தினமும் மருந்து அடித்த சுவரிலிருந்து வந்தவை.

"அண்ணா, இந்த மந்துக்கு தோமலு அலவாட்டு ஆயிபோச்சு" என்றார் ஆபீசர். மந்து என்றால் மருந்து. தோமலு, கொசுக்கள். அலவாட்டு, பழக்கம்.

தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. "அதெப்டி சார்? கத்தரிக்கா புழு சாவுது, கொசு சாவாதா? கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்."

"டெஸ்ட் பெட்டறேன். நாளைக்கி வா, சூடு." டெஸ்ட் வைக்கிறேன், வந்து பார் என்கிறார்.

மறுநாள் பவானியின் மாத்திரைக்காகச் சுகாதார நிலையத்துக்குப் போனபோது, பின்பக்க அறைக்கு எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அதே வகை மருந்து தடவிய காகிதத்தைக் குழாய்க்குள் சுருட்டிவைத்து, அதில் கொசுக்களை ஒரு மணி நேரம் விட்டிருக்கிறார். பிறகு வேறு குழாய்க்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்து ஒரு நாள் காத்திருந்திருக்கிறார். மருந்துக்குப் பயப்படுகிற கொசுவாக இருந்தால் இந்நேரம் எல்லாம் கீழே செத்துக் கிடக்க வேண்டும்.

சில கிடந்தன. மற்றவை குழாயின் சுவரில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

நான் என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு நல்லது வேண்டியிருக்கிறேன். 'சாவு, சாவு' என்று வேண்டியது அன்றைக்குத்தான். ஒன்றும் விழவில்லை. தம்பி குழாயைத் தட்டினான். உட்கார்ந்திருந்தவை பறந்தன.

"அப்போ இத்தினி வருசமா நான் இன்னாத்த சார் அடிச்சேன்?"

அதற்கு ஆபீசர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். தண்ணீர் கலந்த மிச்ச மருந்து எல்லாக் கொசுவையும் கொல்லாது. பலவீனமானது சாகும், தாக்குப்பிடித்தது தப்பிக்கும். தப்பித்ததுதான் முட்டை போடும். வீட்டுச் சுவரில் மட்டுமில்லை, மருந்து வழிந்தோடும் தோட்டத்து வாய்க்கால் தண்ணீரிலும் இதே கதைதான். வருஷக் கணக்காக இப்படியே போனால்?

"எங்க டிபார்ட்மென்ட் அடிக்கறதும் இதே வகை மந்துதான்மா" என்றார். "வர வாரம் இந்த ஊருக்கு ஸ்ப்ரே இருக்கு. வேற மந்து கேட்டு மேல எழுதறேன். எப்ப வரும்னு... நாகு தெலீது." தெரியாது என்று கையை விரித்தார். அதிகாரிகள் நம்மை மிரட்டினால் பரவாயில்லை, திட்டினாலும் பரவாயில்லை. அவர்களே பயந்து பார்த்திருக்கிறீர்களா?

யோசித்துப் பார்த்தால் தம்பியை மட்டும் சொல்லிப் பயனில்லை. நாம் எதைத்தான் முழுசாகச் செய்கிறோம்? ஐந்து நாள் மாத்திரையை இரண்டு நாளில் நிறுத்துகிறோம். திருப்பதியில் என் வீட்டுக் கொசு மெஷினில் பாட்டில் காலியான பிறகும் சிவப்பு லைட் எரிகிறது, நானும் நிம்மதியாகத் தூங்குகிறேன். அரைகுறையாக அடித்து அடித்து, நாமே பார்த்துப் பார்த்துத் தேறின கொசுவை வளர்த்து வைத்திருக்கிறோம்.

நான் திருப்பதிக்குத் திரும்பிவிட்டேன். இப்போது அந்த வீட்டில் ஒரே ஆயுதம் கொசுவலை. துணிக்குக் கொசு பழக முடியாதே! தம்பி தினமும் சாயங்காலம் விளக்குப் போடுமுன் வலைக்குள் நுழைந்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை தேடுகிறான். கிடைத்தால் ஊசி நூலோடு உட்கார்ந்துவிடுகிறான். மாட்டுக்கொட்டகை ஓரம் தேங்கின தண்ணீருக்கு வடிகால் வெட்டியிருக்கிறான். பவானிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. குழந்தை நன்றாக உதைக்கிறதாம். ஆனாலும் யாராவது "குளிருது" என்று சொன்னால் போதும், வீடே எழுந்து நிற்கிறது.

பிரசவம் கார்த்திகையில். அதற்குமுன் ஐப்பசி முழுக்க மழை.

எங்கள் பக்கத்து விவசாயிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீருக்குப் பதில் காற்று வருகிற பூமி. மேகத்தைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுகிற ஜனம். கத்தரிச் செடி வாடிப்போய் நிற்கிறது என்று முந்தாநாள்தான் தம்பி பொண்டாட்டி போனில் புலம்பினாள்.

நேற்று தம்பி போன் செய்தான். பயந்துகொண்டே எடுத்தேன். பவானி நன்றாக இருக்கிறாளாம். கல்யாணமில்லை, கருமாதியில்லை, மோட்டாரும் ஓடுகிறது. பிறகு எதற்கு போன் என்று கேட்டேன்.

"கெழக்கால மேகம் கருக்கலா கீதுக்கா" என்றான். "இந்த ஒரு தபா... மழ வராம இருந்தா தேவல."