பெயின்ட் வாளியில் ஒரு லில்லி

அப்பாவுக்கு எஸ்டேட் மேனேஜர் பங்களாவில் தோட்ட வேலை. சித்திரபுரத்துக்கு மேலே இருந்த எங்கள் மலையில் ஜக்கரண்டா மரம் ஊதாவாகப் பூப்பதே அப்பாவின் உத்தரவின் பேரில்தான் என்று நம்பியிருந்தேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் இருந்ததோ ஒரே ஒரு செடி. பழைய பெயின்ட் வாளியில் அம்மா ஊன்றிய சிவப்பு லில்லி.

நான் நாலாவது படிக்கும்போது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். கிளம்புகிற அன்று காலை, பெரிய வெங்காயம் போலிருந்த அந்தக் கிழங்கைக் கழுத்து வெளியே தெரியும்படி ஊன்றினாள். நான் அவள் சேலையை விடாமல் அழுதுகொண்டிருந்தேன்.

"அழாத புள்ள. இது பூக்குறதுக்குள்ள அம்மா வந்துருவேன்."

அழுகிற பிள்ளையிடம் சொல்ல அவளுக்கு வேறு என்ன அகப்பட்டிருக்கும்? நான் அதைச் சத்தியமாகவே எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். அப்பா வர இருட்டிவிடும். பையை எறிந்துவிட்டு வாளியருகே உட்கார்ந்துகொள்வேன். டீச்சர் திட்டியது முதல் எல்லாவற்றையும் அதனிடம்தான் சொன்னேன். கேட்க வேறு ஆள் இல்லை. மார்கழிக் குளிரில் இலைகள் பழுத்து விழுந்தபோது செடி செத்துவிட்டதென்று அலறினேன். "தூங்குது. தண்ணி ஊத்திராத, அழுகிரும்" என்றார் அப்பா.

பங்குனியில் மொட்டுத் தண்டு கிளம்பியது. அதே வாரம் அம்மா வீடியோவில் வந்து, இந்த வருடம் லீவு இல்லையாம் என்றாள். பூ விரிந்தால் அம்மா சொன்னது பொய்யாகிவிடும். விரியாவிட்டால் அவளுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அன்று மாலையே தண்டைக் கிள்ளித் தேயிலைக்குள் எறிந்தேன். பத்து நாளில் இன்னொன்று வந்தது. அதற்கும் அதே கதிதான்.

ஊரான் தோட்டத்தைப் பூக்க வைக்கிறவன் வீட்டில் ஒரு வாளி பூக்கவில்லையே என்று லயத்தில் அப்பாவைக் கேலி செய்தார்கள். அவர் குனிந்து, கிள்ளிய இடத்தைப் பெருவிரலால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். "மண்ணு சரியில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். தோட்டக்காரரையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மா போனில் முதலில் கேட்பது பூவைப் பற்றித்தான். இல்லை என்பேன், பரீட்சையில் பாஸானதைச் சொல்கிற குரலில்.

அடுத்த பங்குனியிலும் லீவு கிடைக்கவில்லை. நானும் என் வேலையை முடித்திருந்தேன். மேட்டில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் போனோடு அங்கே நின்றிருந்தேன்.

"இந்த வருசமும் பூக்கலையா?"

"இல்லம்மா. நீ மெதுவாவே வா, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன், பெரிய மனுஷி போல.

திரையிலிருந்து அம்மாவின் முகம் விலகி, யாரோ வீட்டின் வெள்ளைச் சுவர் மட்டும் வெகுநேரம் தெரிந்தது. சிக்னல்தான் போய்விட்டதென்று நினைத்து, போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.